தலைப்பிள்ளைத் தாய்மாருக்கு ஒரு பாடம்: பிறந்த பிள்ளைக்கு முதல் இடம் தாயின் நெஞ்சு

பசு கன்று ஈன்றதைப் பார்க்காத கமக்காரர் எங்களுக்குள் இருக்கமாட்டார். கன்று நிலத்தில் விழுந்ததும் தாய்ப்பசு திரும்பி நின்று அதை நக்கத் தொடங்கும். ஈரம் காயும்வரை நக்கும். கன்று தட்டுத்தடுமாறி எழுந்து மடியைத் தேடும். அந்த நேரத்தில் கன்றைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு கொட்டிலில் கட்ட ஒருவரும் துணியமாட்டார். கட்டினால் பசு கதறும், பாலையும் அடக்கிக்கொள்ளும். இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

மாட்டுக்கு நாம் கொடுத்த இந்த நியாயத்தை மனிதப் பிள்ளைக்குக் கொடுக்க நெடுங்காலமாக மறந்திருந்தோம். பிள்ளை பிறந்ததும் தூக்கி எடுத்து, கழுவி, நிறுத்து, துணியால் இறுக்கிச் சுற்றி, பிறகு தாய்க்குக் காட்டுவதே முறை என்று எண்ணியிருந்தோம்.

எமது தாய்-சேய் நல வகுப்புக்கு வந்த இளந்தாய்மாரிடம் ஒருமுறை இப்படிக் கேட்டோம்: "பிள்ளை பிறந்து முதல் ஒரு மணித்தியாலமும் எங்கே இருந்தது?" ஒருவர், "துடைச்சுச் சுத்திக் கொண்டுவந்து காட்டினவை" என்றார். இன்னொருவர், "நான் களைச்சுப் போனன், எனக்கு ஞாபகம் இல்லை" என்றார். மூன்றாவது தாய் சொன்னதுதான் எங்களைச் சிந்திக்க வைத்தது. "மிஸி பிள்ளையை என்ரை நெஞ்சிலை வைச்சவ. எனக்கு ஏனெண்டு தெரியேல்லை. ஈரத்தோடை வழுக்கி விழுந்திடும் எண்ட பயத்திலை, எடுங்கோ எடுங்கோ எண்டு நான்தான் சொல்லிப்போட்டன். முந்தியே ஆராவது சொல்லியிருந்தால் நான் விட்டிருக்கமாட்டன்."

கிடைத்த நன்மையை அறியாமையால் கைநழுவ விட்ட தாய் இவர். குற்றம் அவருடையதல்ல; முன்கூட்டிச் சொல்லாதது எங்கள் எல்லாருடைய குறை. அதனாலேயே இப்பாடத்தை எழுதுகிறோம். வயிற்றில் தலைப்பிள்ளையோடு இருக்கும் பெண்கள் மட்டுமல்ல, அவர்களின் கணவன்மாரும் தாய்மாரும் மாமிமாரும் இதைச் சேர்ந்து வாசிக்கவேண்டும். வாசிக்க இயலாதவர்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

தோலோடு தோல் என்றால் என்ன?

பிறந்த பிள்ளையை உடுப்பு எதுவும் இல்லாமல், ஈரத்தைத் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சின்மேல் குப்புறக் கிடத்தி, இருவரையும் ஒரே துணியால் மூடிவிடுவதையே இவ்வாறு சொல்கிறோம். பிள்ளையின் தோலுக்கும் தாயின் தோலுக்கும் இடையில் துணி இருக்கக்கூடாது. இது பிறந்த உடனே தொடங்கவேண்டும். குறைந்தது ஒரு மணித்தியாலமாவது இடையறாது நீடிக்கவேண்டும். நிறுத்தல், ஊசி போடுதல், உடுப்புப் போடுதல் முதலியவை அதன் பின்னர் நடக்கலாம். துணியால் சுற்றிய பிள்ளையைத் தாயின் பக்கத்தில் கிடத்துவதும் நல்லதே. ஆனால் அது இதற்கு ஈடாகாது.

இதனால் வரும் நன்மைகள்

முதலாவது சூடு. "எங்கட ஊர் வெக்கையிலே பிள்ளைக்குக் குளிர் எங்கே?" என்று கேட்பார்கள். கிணற்றடியில் தோய்ந்துவிட்டு ஈர உடம்போடு காற்றில் நின்றால் சித்திரை மாதத்திலும் உடம்பு சிலிர்க்கும். வயிற்றுக்குள் 37 பாகை சூட்டில் இருந்த பிள்ளை நனைந்த உடம்போடு வெளியே வருகிறது. அதன் தோல் மெல்லியது, கொழுப்புக் குறைவு, உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. ஆகவே சில நிமிடங்களிலேயே சூட்டை இழந்துவிடும். பிள்ளையின் உடல்வெப்பம் 36.5 பாகைக்கும் 37.5 பாகைக்கும் இடையில் இருக்கவேண்டும். அதற்குக் கீழே போனால் பிள்ளை சோர்ந்து, பால் குடியாமல், நோய்ப்படும். தாயின் நெஞ்சோ பிள்ளை குளிர்ந்தால் சூடு கூடும். பிள்ளை சூடானால் தணியும். மின்சாரமும் எண்ணெயும் கேளாத அடுப்பு அது.

இரண்டாவது மூச்சும் நாடியும். பிறப்பு என்பது பிள்ளைக்கும் பெரிய உழைப்பே. தாயின் நெஞ்சடிப்பு அதற்குப் பல மாதம் பழகிய ஓசை. அந்த ஓசையின்மேல் கிடக்கும்போது பிள்ளையின் மூச்சும் நாடியும் விரைவில் சீராகும். அழுகையும் குறையும். அழுகை குறைந்தால் உடம்பிலுள்ள சத்து வீண்போகாது. இரத்தத்தில் சீனி இறங்கிவிடும் ஆபத்தும் குறையும்.

மூன்றாவது பால். பிள்ளை நெஞ்சில் கிடந்து முலையைத் தேடும்போது தாயின் மூளையிலிருந்து ஒட்சிற்றோசின் என்னும் சுரப்பு ஊறுகிறது. அதுவே பாலை இறங்கச் செய்வது. முதல் வரும் மஞ்சள் நிறச் சீம்பால், பசுவின் கடும்பைப்போலத் தடித்தது, அளவில் கொஞ்சம். பிள்ளையின் முதல் நோய்த்தடுப்பு மருந்து அதுவே. பிறந்தவுடன் தோலோடு தோல் வைக்கப்பட்ட பிள்ளைகள் மாதங்கள் கடந்தும் தாய்ப்பாலிலேயே நிற்பது கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

நான்காவது தாயின் நலம். அதே ஒட்சிற்றோசின் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்கிறது. கர்ப்பப்பை நன்றாகச் சுருங்கினால்தான் பேற்றுக்குப் பின்னான இரத்தப்போக்கு அடங்கும். பிள்ளை தாயைத் தேடும்போது தாயையும் காக்கிறது.

ஐந்தாவது கிருமி. உலகத்துக்கு வரும் பிள்ளையின் தோலில் ஏதோ ஒரு கிருமி குடியேறத்தான் போகிறது. அது தாயின் தோலில் உள்ள பழகிய கிருமியாக இருப்பதே நல்லது. அவற்றுக்கு எதிரான காப்புச் சத்து தாயின் பாலிலேயே இருக்கிறது.

முதல் மணித்தியாலத்தில் பிள்ளை செய்யும் பயணம்

யாரும் இடையூறு செய்யாது விட்டால், பிறந்த பிள்ளை தானாகவே ஒரு பயணம் போகிறது. சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இதை ஒன்பது படிகளாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். பிள்ளை முதலில் அழும். தாயின் நெஞ்சில் பட்டதும் அடங்கி அசையாது கிடக்கும். பின்பு கண் விழிக்கும், வாயை அசைக்கும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். இடையிடையே இளைப்பாறும். பிறகு காலால் உந்தி மெல்ல மெல்ல முலையை நோக்கி நகரும். முலையை மணந்து, நக்கி, பழகிக்கொள்ளும். அதன் பின்னரே வாயைத் திறந்து கவ்வி உறிஞ்சும். உறிஞ்சிக் களைத்து, தாயும் பிள்ளையும் உறங்கிப்போவார்கள்.

இதற்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் செல்லும். சில பிள்ளைகளுக்குக் கூடவும் செல்லும். "பத்து நிமிஷம் வைச்சுப் பார்த்தம், பிள்ளை குடிக்கேல்லை" என்று எடுத்துவிடுவது, கன்று எழும்ப முன்னரே பசுவை மேய்ச்சலுக்குக் கலைப்பது போன்றது. தலையைப் பிடித்து முலையில் அமத்தவும் வேண்டாம். பிள்ளையின் கைகளில் ஒட்டியிருக்கும் பனிக்குட நீரின் மணம் முலையைத் தேட உதவுகிறது. ஆகவே உடம்பைத் துடைக்கும்போது கைகளைத் துடையாமல் விடலாம்.

உலகம் இதை எப்படிக் கற்றது?

1978 ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில், ஏழைகளுக்கான பெரிய வைத்தியசாலை ஒன்றில் குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் சூட்டுப்பெட்டிகள் போதாமல் இருந்தன. ஒரு பெட்டிக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளைக் கிடத்தினார்கள். ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றியது. அப்போது எட்கர் ரே சனப்ரியா என்ற வைத்தியர், பெட்டி இல்லாத இடத்தில் தாயையே பெட்டியாக்கினார். குறைமாதப் பிள்ளையைத் தாயின் நெஞ்சில் நிமிர்த்திக் கட்டி, பகலும் இரவும் அப்படியே இருக்கச் செய்தார். குட்டியைப் பையில் சுமக்கும் கங்காருவை நினைத்து இதற்குக் "கங்காரு தாய்ப் பராமரிப்பு" என்று பெயர் வந்தது. வசதி இருந்த இடத்திலிருந்து அல்ல, தட்டுப்பாடு இருந்த இடத்திலிருந்து இந்த அறிவு வந்தது என்பதை எமது வாசகர்கள் கவனிக்கவேண்டும். 1990 முதல் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கோடு வாழ்ந்த குடாநாட்டாருக்கு இது விளங்காத கதையல்ல.

1991 இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப் நிறுவனமும் பிள்ளை நேய வைத்தியசாலைத் திட்டத்தைத் தொடங்கின. அதன் பத்துப் படிகள் 2018 இல் திருத்தப்பட்டபோது, பிறந்த உடனே இடையறாத தோலோடு தோல் தொடர்பு நான்காம் படியில் தெளிவாக எழுதப்பட்டது. அதற்கு முன்னர் 2016 இல், 21 நாடுகளில் 3850 தாய்மாரையும் பிள்ளைகளையும் கொண்டு நடந்த 46 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இம்முறை நன்மை தருவதாகவே முடிவு கண்டிருந்தார்கள்.

2021 இல் இன்னொரு முக்கிய ஆய்வு வெளியாகியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட நிறையோடு பிறந்த 3211 பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டனர். உடல்நிலை சீரான பின்னர் நெஞ்சில் வைக்கப்பட்டவர்களில் முதல் 28 நாளுக்குள் 100 பேருக்கு ஏறக்குறைய 16 பேர் இறந்தனர். பிறந்த உடனேயே நெஞ்சில் வைக்கப்பட்டவர்களில் அது 12 ஆகக் குறைந்தது. அதாவது நூறு பிள்ளைகளில் நான்கு பேரைத் தாயின் நெஞ்சு மேலதிகமாகக் காப்பாற்றியது. 2022 இல் உலக சுகாதார நிறுவனம் இதை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

எமது நாடு இவ்விஷயத்தில் பின்தங்கிய நாடல்ல. தாய்ப்பாலுக்குப் பதிலாக மா விற்போரைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவை 1983 இலேயே இங்கு வந்துவிட்டது. 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 100 க்கு 82 பேர் தாய்ப்பால் மாத்திரம் குடித்தனர். பேறுகள் அனேகமாக எல்லாம் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன.

யாழ்ப்பாணத்துக்கும் இதில் ஒரு மரபு உண்டு. 1847 இல் இங்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மகப்பேற்று நூல் உட்பட மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 1898 இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. அறிவு மக்களின் மொழியில் மக்களிடம் போகவேண்டும் என்பதே அன்றைய எண்ணம். வைத்தியசாலைக்குத் தெரிந்த விஷயம் தாய்க்கும் தெரிந்தால்தான் அது பயன்படும்.

பேற்றுக்கு முன் செய்யவேண்டியவை

முன்னைய காலத்தில் தலைப்பிள்ளைக்குப் பெண் தாய்வீடு போவாள். அம்மாவும் அம்மம்மாவும் அயலட்டைப் பெண்களும் கூட இருந்து சொல்லிக் கொடுப்பார்கள். இடம்பெயர்வு இந்தச் சங்கிலியை அறுத்துவிட்டது. அம்மா வன்னியில், மாமி இந்தியாவில், அக்கா கனடாவில், தான் வாடகைக் காணியில் ஒரு தகரக் கொட்டிலில் என்று இருக்கும் பெண்ணுக்கு யார் சொல்வது? ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தாயும் தகப்பனும் தாங்களே நினைவில் கொள்ளவேண்டும்.

1. கிளினிக்குக்குப் போகும்போது குடும்பநல உத்தியோகத்தரிடம் நேரே கேளுங்கள்: "பிள்ளை பிறந்த உடனே என்ரை நெஞ்சிலை வைப்பீங்களோ? எவ்வளவு நேரம் வைச்சிருக்கலாம்?" இது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, தாயின் உரிமை. கேட்கும் தாயை அவர்கள் மதிப்பார்கள்.

2. உங்கள் விருப்பத்தைக் கணவனுக்கும் கூட வரும் பெண்ணுக்கும் சொல்லிவையுங்கள். நோவு நேரத்தில் உங்களுக்குப் பேச வராமல் போகலாம்.

3. முன்பக்கம் முழுவதும் திறக்கக்கூடிய சட்டை ஒன்று, தோய்த்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணி மூன்று, பிள்ளைக்கு ஒரு தொப்பி ஆகியவற்றைப் பையில் வையுங்கள். பழைய மெல்லிய சேலைத் துணி போதும், புதிது வாங்கவேண்டியதில்லை.

4. வெங்காயம் நடவும் புல்லுப் பிடுங்கவும் கூலிக்குப் போகும் பெண்கள் கடைசி மாதங்களில் வேலையைக் குறைத்துக்கொள்ளவேண்டும். நாள் முழுவதும் குனிந்து நிற்கும் கடும் வேலையும் பட்டினியும் பிள்ளையின் நிறையைக் குறைக்கும். கிளினிக்கில் தரும் திரிபோஷாவைத் தாயே சாப்பிடவேண்டும்.

பேற்றறையில் நடக்கவேண்டியவை

பிள்ளை பிறந்ததும் தாதி அல்லது மருத்துவிச்சி அதை நன்றாகத் துடைப்பார். மூச்சு எடுத்து அழும் பிள்ளையை உடனே உங்கள் நெஞ்சில் கிடத்துவார். நனைந்த துணியை நீக்கிக் காய்ந்த துணியால் இருவரையும் மூடுவார். தொப்புட்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்து வெட்டுவது நல்லது. அந்த நேரத்தில் கொடியிலுள்ள இரத்தம் பிள்ளைக்கு வந்து சேரும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை. மல்லாந்து தட்டையாகப் படுக்காமல், தலையணை வைத்துச் சாய்ந்திருங்கள். பிள்ளையின் முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரியவேண்டும். கழுத்து மடியக்கூடாது. ஒரு கையால் பிள்ளையின் முதுகையும் பிட்டத்தையும் தாங்குங்கள், வழுக்கி விழாது. மயக்கமோ உறக்கமோ வந்தால் உடனே சொல்லுங்கள். முதல் இரண்டு மணித்தியாலமும் விழித்திருக்கும் ஒருவர் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

பிள்ளை மூச்செடுக்கச் சிரமப்பட்டால் வைத்தியர் முதலில் அதைப் பார்க்கவேண்டும். அந்த வேளையில் பிடிவாதம் கூடாது. பிள்ளை தேறியதும், "இப்ப நெஞ்சிலை வைக்கலாமோ?" என்று கேளுங்கள். பிந்தினாலும் பலன் உண்டு.

சிசேரியன் செய்த தாய் முதுகில் ஊசி போட்டு விழிப்போடு இருந்தால் அங்கேயே பிள்ளையை நெஞ்சில் வைக்க இயலும். முழு மயக்கமானால் தெளிந்ததும் தொடங்கலாம். அதுவரை தகப்பன் சட்டையைக் கழற்றித் தன் நெஞ்சில் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் வெயிலும் மண்ணும் கண்ட நெஞ்சு ஆகாது என்று எண்ணவேண்டாம். சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் போதும். பால் கொடுக்க மட்டுமே தகப்பனால் முடியாது. சூடு கொடுக்க முடியும்.

நிறை குறைந்த பிள்ளைக்கு

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கும் மாதம் நிறையாத பிள்ளைக்கும் ஒரு மணித்தியாலம் போதாது. நாளுக்கு எட்டு முதல் இருபத்துநான்கு மணித்தியாலம் வரை, இயன்ற அளவு கூடுதலாக, பல வாரங்களுக்கு இப்படி வைத்திருக்கவேண்டும். பிள்ளைக்கு நாப்கினும் தொப்பியும் மட்டும் போட்டு, இரு முலைகளுக்கும் நடுவே நிமிர்த்தி, தவளைபோலக் கைகால் மடித்து வைத்து, நீளமான மெல்லிய சீத்தைத் துணியால் தாயோடு சேர்த்துக் கட்டவேண்டும். கட்டின் மேல்விளிம்பு பிள்ளையின் காதளவில் நிற்கவேண்டும். தலை ஆடக்கூடாது, மூச்சு விட வயிற்றுக்கு இடம் இருக்கவேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கவேண்டும். உறிஞ்ச இயலாத பிள்ளைக்குப் பாலைப் பீச்சிச் சிறு கோப்பையால் கொடுக்கும் முறையை விடுதியில் காட்டித் தருவார்கள். வீட்டுக்குப் போகுமுன் பழகிக்கொள்ளுங்கள். தாய் குளிக்கவும் சாப்பிடவும் போகும்போது தகப்பனோ அம்மம்மாவோ ஏந்திக்கொள்ளலாம். தாயோடு இப்படிக் கட்டுண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து அயலவர் சிரித்தால், பொகோட்டாவின் கதையைச் சொல்லுங்கள்.

எமது வீடுகளில் எழும் கேள்விகள்

"பிறந்த பிள்ளை ஊத்தையோடு இருக்குமே, குளிப்பாட்டாமல் வைக்கலாமா?" பிள்ளையின் உடம்பில் வெண்ணெய்போல ஒட்டியிருப்பது ஊத்தையல்ல, தோலுக்குக் கடவுள் பூசிவிட்ட காப்பு. ஈரத்தைத் துடைத்தால் போதும். முதல் 24 மணித்தியாலம் குளிப்பாட்டவேண்டாம்.

"துடக்கு அல்லவா?" முப்பத்தொன்று வரை வீட்டுக்கு வெளியே எந்த முறையையும் நீங்கள் காக்கலாம். ஆனால் தாய்க்கும் அவள் பெற்ற பிள்ளைக்கும் இடையில் துடக்கு இல்லை. ஒன்பது மாதம் ஒரே உடம்பாய் இருந்தவர்கள் அவர்கள்.

"கைச்சூடு பழகினால் பிள்ளை இறங்காதே!" முதல் நாட்களில் நெஞ்சில் வளர்ந்த பிள்ளை அழுகை குறைந்த பிள்ளையாகவே இருக்கும். பயிருக்குக் கன்றுப் பருவத்தில் நிழல் கட்டுவதால் அது பின்னர் வெயிலுக்கு அஞ்சுவதில்லை.

"பால் வரும்வரை சீனித் தண்ணீரோ தேனோ கோரோசனையோ தீத்தலாமா?" கூடாது. முதல் நாளில் பிள்ளையின் இரைப்பை மிகச் சிறியது. சில துளிச் சீம்பாலே அதற்குக் காணும். தேன் ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆபத்தும்கூட. மாப்பாலும் போத்தலும் இன்னும் ஆபத்து. நல்ல தண்ணீரும் விறகும் தட்டுப்படும் இடத்தில் கழுவிக் கொதிக்கவைக்காத போத்தல் வயிற்றோட்டத்துக்கு வாசல்.

"தணல் போட்டும் சாம்பிராணி காட்டியும் சூடு கொடுக்கலாமே?" சிறு கொட்டிலில் அடைபடும் புகை பிள்ளையின் சுவாசத்துக்குக் கேடு. தணலால் தீப்பிடிக்கவும் கூடும். தாயின் நெஞ்சு இருக்கத் தணல் எதற்கு?

"ஒரே அறையில் எல்லாரும் இருக்கிறோம், வெட்கமாக இருக்கிறதே?" இது நியாயமான கவலை. கயிறு கட்டி ஒரு சேலையைத் தொங்கவிட்டு மறைப்புச் செய்து கொடுப்பது வீட்டு ஆண்களின் கடமை. நலன்புரி நிலையங்களில் வாழ்ந்த காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் மானத்தோடு வாழ்ந்தன.

வழியில் பேறு வந்தால்

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி, மழையில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்ததை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்த நாட்களில் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் தலைப்பிள்ளையைப் பெற்ற தாயொருவர் எமது வகுப்பில் தம் கதையைச் சொன்னார். காய்ந்த துணிகூட இல்லை. முன்பின் தெரியாத ஒரு கிழவி தன் சேலைத் தலைப்பால் பிள்ளையைத் துடைத்து, தாயின் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, மேலே ஒரு சாக்கைப் போர்த்தாராம். "விடியும் மட்டும் எடுக்கவேண்டாம் பிள்ளை, உன்ரை சூடுதான் அதுக்கு வீடு" என்றாராம். அந்தக் கிழவி எங்கும் படித்தவர் அல்லர். அன்று பிறந்த பெண் பிள்ளை இன்று தானும் ஒரு தாய். மகள் வைத்தியசாலைக்குப் போனபோது அந்தத் தாய் கொடுத்தனுப்பிய சொல்லும் அதுவே.

இன்று பேறு வைத்தியசாலையிலேயே நடக்கவேண்டும். நோவு தொடங்கியதும் புறப்படுங்கள். வாகனம் இல்லையெனில் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அதையும் மீறி வழியில் பிள்ளை பிறந்துவிட்டால் பதறாதீர்கள். கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். பிள்ளையைத் துடையுங்கள். அழாவிட்டால் முதுகைத் துணியால் தேயுங்கள். தாயின் வெறும் நெஞ்சில் கிடத்தி இருவரையும் மூடுங்கள். கொடியை வெட்டவேண்டாம், கண்ட கத்தியும் பிளேடும் ஏற்பு நோயைக் கொண்டுவரும். நஞ்சுக்கொடியை இழுக்கவும் வேண்டாம். பிள்ளை நெஞ்சில் இருந்தபடியே இருவரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டியவை

பிள்ளை பால் குடியாது சோர்ந்து கிடத்தல், நிமிடத்துக்கு அறுபது தடவைக்கு மேல் மூச்சு வாங்குதல், மூச்செடுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிதல், நெஞ்சில் வைத்திருந்தும் உடம்பு குளிர்ந்திருத்தல் அல்லது கொதித்தல், வலிப்பு, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தல், தொப்புள் சிவந்து சீழ் வடிதல். தாய்க்கு இரத்தம் அதிகமாகப் போனாலும், காய்ச்சல் வந்தாலும் ஒரு நாளும் பொறுக்கவேண்டாம்.

முடிவாக

எகிப்தில் எபிரேயரின் பிள்ளைகளைக் காப்பாற்றிய சிப்பிராள், பூவாள் என்ற இரு மருத்துவிச்சிகளின் பெயர்களை வேதம் மறவாமல் எழுதிவைத்திருக்கிறது. அதிகாரம் உள்ளவர்களுக்கு முன்னால் அவர்கள் சிறியவர்கள். ஆனால் ஒரு சந்ததியையே காத்தார்கள். பள்ளிக்கூடத்தில் துணை நின்ற அந்தக் கிழவியும் அவர்களின் வரிசையில் வருபவரே.

இடம்பெயர்வில் நாம் வீட்டை இழந்தோம். கிணற்றை, தோட்டத்தை, மாட்டை இழந்தோம். இன்னும் தம் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் உண்டு. எவரும் பறிக்க முடியாத ஒன்று எமது பெண்களிடம் இருக்கிறது. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் ஒரு மணித்தியாலமாவது அந்த வீடு கிடைக்கட்டும். வாசித்தவர்கள் இவ்வாரமே உங்கள் அயலிலுள்ள ஒரு கர்ப்பவதிக்கு இதைச் சொல்லுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் முதல் பிள்ளை பிறந்த முதல் ஒரு மணித்தியாலம் எங்கே இருந்தது? அன்று உங்களுக்கு யார் என்ன சொன்னார்கள்?

2. பசுவும் கன்றும் பற்றி உங்களுக்குத் தெரிந்தவற்றில் மனிதத் தாய்க்கும் பொருந்துபவை எவை?

3. உங்கள் வீட்டில் இம்முறைக்குத் தடையாக இருப்பது எது: வெட்கமா, இடமின்மையா, பழைய எண்ணமா? அதை நீக்க யார் உதவலாம்?

4. தகப்பன்மார் இதில் செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்லுங்கள்.

5. ஒரு பாவைப்பிள்ளையை அல்லது சுற்றிய துவாயை எடுத்து, சாய்ந்திருக்கும் முறையையும் துணி கட்டும் முறையையும் ஒவ்வொருவராகச் செய்து காட்டுங்கள். மூக்கும் வாயும் தெரிகின்றனவா என்று மற்றவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.